ஆண்டவனும் ஆண்டாளும்: கடவுட் பெயர்களில் ஆண்பால் வழக்கு

முன்னுரை

தில்லி சரோஜினி நகரின் நடுவணரசுக் குடியிருப்பில் ஞாயிறுதோறும் நடைபெற்ற தமிழ் வகுப்பொன்றில் இக்கட்டுரையாளர் சில ஆண்டுகள் பயிற்றுவித்ததுண்டு. வினைமுற்றுப் பயிற்சிக்காக ஒருநாள் ‘கடவுள் உலகைப் படைத்தா–’ என்று கரும்பலகையில் எழுதி, இறுதி எழுத்தை நிரப்புமாறு பிள்ளைகளிடம் கூறப்பட்டது. சிலர் னகர ஒற்றை எழுதினர். பெரும்பாலோர் ரகர ஒற்றை எழுதினர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் ளகர ஒற்றை எழுதினாள். அதனைத் தவறென்று சிவப்பு மையால் அடித்தவர் இக்கட்டுரையாளரே. “எங்க வீட்ல கும்பிடறது மாரியம்மனைத்தான் சார். அப்புறம் ‘ள்’ எப்படித் தப்பாகும்?” என்று அவள் கேட்டாள். வழக்கம் அவ்வாறு என்பதற்கு மேல் அன்று விடை கூற இயலவில்லை.

அவ்விடை போதாது என்பதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். கடவுள் ஆணா பெண்ணா என்னும் சமய ஆராய்ச்சி இங்கு மேற்கொள்ளப்படவில்லை. கடவுளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஆண்பாற்பட்டு வழங்குவதற்குக் காரணம் மொழியின் இலக்கணமா, அன்றி அச்சொற்கள் பிறந்த வாழ்க்கைச் சூழலா என்பதே இங்கு ஆராயப்படுவது.

வினாவின் எல்லை

தமிழர் வழிபாட்டில் பெண் தெய்வங்கட்குக் குறைவில்லை. கொற்றவை, காளி, மாரி, கண்ணகி, மீனாட்சி, அபிராமி எனப் பெயர்கள் நீளும். ஊர்த் தெய்வங்களை நோக்கினால் அம்மன் இல்லாத சிற்றூர் அரிது. எனவே தமிழர் தெய்வத்தை ஆணாகவே கண்டனர் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். பெண் தெய்வங்கள் பெரிதும் தத்தம் சிறப்புப் பெயராலேயே சுட்டப்படுகின்றன. பெயர் குறியாது, முழுமுதற் பொருள் ஒன்றே என்னும் கருத்தில் பேசும்போது எழும் பொதுச்சொற்களோ இறைவன், ஆண்டவன், பெருமான், ஈசன், பகவான் என ஆண்பாலாகவே அமைகின்றன. இறைவி என்னும் சொல் உண்டு. எனினும் தலவரலாற்றுக் குறிப்புகளில் ‘இத்தலத்து இறைவன் இன்னார், இறைவி இன்னார்’ என எழுதுங்கால் இறைவனுக்குத் துணைவியாகவே அவள் சுட்டப்படுகின்றாள். ‘இறைவன் விட்ட வழி’ என்பார் உளர். ‘இறைவி விட்ட வழி’ என்பாரைக் காண்டல் அரிது. தெய்வங்கள் பலவாக எண்ணப்படும்போது பெண்ணுக்கு இடம் உண்டு. தெய்வம் ஒன்றாகக் குறிக்கப்படும்போது அவ்விடம் சுருங்கிவிடுகிறது. வினா இந்த இடத்தில்தான் தோன்றுகிறது.

தொல்காப்பியர் தரும் இடம்

இதற்குத் தமிழ் இலக்கணத்தைக் காரணமாகக் கூறுவார் உளர். தமிழ் வினைமுற்று உயர்திணை ஒருமையில் ஆண், பெண் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வற்புறுத்துகிறது என்பதும், அதனால் ஆண்பால் வந்து அமைந்தது என்பதும் அவர்தம் கருத்து. தொல்காப்பியம் இதற்கு இடந்தரவில்லை.

தொல்காப்பியர் உயர்திணை என்பதை மக்களைச் சுட்டும் வகுப்பாகவே வரையறுத்தார். பின்னர்க் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒருசேர எடுத்துக்கொண்டார். இவ்விரண்டிற்கும் தமக்கெனப் பால் உணர்த்தும் ஈறு இல்லை என்றும், உயர்திணை ஈறுகளைக் கொண்டே இவை பால் பிரிந்து இசைக்கும் என்றும் அவர் விதித்தார். உரையாசிரியர்களும் தேவன், தேவி, தேவர் என்னும் வகையில் ஒவ்வொரு பாலுக்கும் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குவர். பின்வந்த பவணந்தியார் நன்னூலில் தேவரையும் நரகரையும் மக்களோடு சேர்த்து உயர்திணை என வெளிப்படையாகவே வகுத்தார்.

தொல்காப்பிய நூற்பாவிலிருந்து பெறப்படுவன இரண்டு. தெய்வப் பெயர் இயல்பில் ஆண்பாலன்று என்பது ஒன்று. மூவகை உயர்திணை ஈறுகளுள் எதனையும் அது ஏற்கலாம் என்பது மற்றொன்று. கடவுள், தெய்வம் என்னும் இரு சொற்களின் வடிவமும் இதற்கு அரண் செய்கிறது. இரண்டிலும் பால்காட்டும் விகுதி இல்லை. இலக்கணம் கதவை மூடவில்லை. ஆண்பாலைத் தெரிந்தெடுத்தது வேறொன்று.

அரசும் இறையும்

அவ்வேறொன்று அரசாட்சி எனலாம். கடவுளைக் குறிக்கும் ஆண்பாற் பொதுச்சொற்களை ஒருங்கு வைத்து நோக்கினால் அவற்றுட் பெரும்பாலானவை ஆள்வோனையும் உடைமையாளனையும் குறிப்பன. ஆண்டவன் என்பது ஆண்ட அவன். ஈசன், ஈசுவரன் என்னும் வடசொற்கள் ஆளும் வல்லமையுடையோனைச் சுட்டுவன. சாமி என்பதன் மூலமாகிய ‘சுவாமி’ உடைமையாளனைக் குறிக்கும். கடவுள் உறையும் இடம் கோயில், அதாவது கோவின் இல்.

திருக்குறள் இதற்குத் தெளிவான சான்று. கடவுள் வாழ்த்து அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் கடவுளைச் சுட்டும் பெயர் ஆண்பால் ஈற்றிலேயே முடிகிறது. அதிகாரத் தலைப்பில் உள்ள ‘கடவுள்’ என்னும் பால்காட்டாச் சொல் குறட்பாக்களுள் வரவில்லை. அங்கு இருமுறை வரும் ‘இறைவன்’ என்னும் சொல்லே, பொருட்பாலில் நாடு என்னும் அதிகாரத்தில் அரசனைக் குறிக்கிறது. அதே குறளில் ‘இறை’ என்பது அரசனுக்குச் செலுத்தும் வரியைக் குறிக்கிறது. அரசனின் மாண்பு கூறும் அதிகாரத்தின் பெயரும் இறைமாட்சியே. கடவுளும் அரசனும் வரியும் ஒரே சொல்லின் நிழலில் நின்ற காலம் அது.

தொல்காப்பியத்தின் நிலத் தெய்வங்களும் இதனையே காட்டும். மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்னும் நால்வரும் ஆண்பாலர். மருதத்தின் தெய்வத்துக்கு ‘வேந்தன்’ என்பதே பெயர். உரைகாரர் இதனை இந்திரன் என்பர். நெல்விளைந்து, ஊர் பெருகி, அரசு வேரூன்றிய நிலத்தில் தெய்வத்தின் பெயரே அரசன் என ஆயிற்று. கொற்றவைக்கோ பிற்கால மரபு பாலையை அளித்தது. பாலையோ தனக்கென நிலமில்லாத் திணை.

கொற்றவை என்னும் பெயரே ஆராயத்தக்கது. கொற்றம் என்பது வெற்றியும் அரசும். கொற்றவன் என்றால் அரசன். கொற்றவை என்றால் தெய்வம். வெற்றியின் தலைமையைப் பெண்ணுக்கு உரியதாகக் கண்ட பழைய நிலையை இப்பெயர் தாங்கி நிற்கிறது. திருமுருகாற்றுப்படைக் காலத்திலேயே அவள் பெரிதும் முருகனுக்குத் தாய் என்னும் முறையால் சுட்டப்படுகிறாள். தானே தலைவியாக நின்றவள் மகனை அறிமுகப்படுத்தும் அடைமொழியாகிறாள்.

‘ஆள்’ என்னும் வேர் இன்னொரு செய்தியையும் தருகிறது. ஆள் என்பதனோடு ‘மை’ சேர்ந்தால் ‘ஆண்மை’ என வரும். வேளாண்மை, தாளாண்மை என்பன அவ்வகையின. ஆண் என்பதனோடு ‘மை’ சேர்ந்தாலும் ‘ஆண்மை’ என்றே வரும். ஆளும் தன்மையும் ஆணின் தன்மையும் புணர்ச்சியால் ஒரே வடிவம் பெற்றன. இவ்வடிவ ஒற்றுமை ஆண்பால் வழக்கைத் தோற்றுவித்தது என்று கொள்ளவேண்டியதில்லை. தோன்றிய வழக்கை இயல்பானதெனத் தோன்றச் செய்தற்கு அது துணைநின்றிருக்கலாம்.

இவ்வேரினின்று பிறந்த பெண்பாற் பெயர் உண்டு, அது ஆண்டாள். ஆண்டவன் எனில் உலகிற்கு முதல்வன். ஆண்டாள் எனில் திருவில்லிபுத்தூரில் தோன்றி, அரங்கனைக் காதலித்துப் பாடிய ஒருத்தியின் சிறப்புப் பெயர். வைணவக் கோயில்களில் அவள் தெய்வமாக வழிபடப்படுகின்றாள் என்பது உண்மையே. ஆயினும் ‘ஆண்டாள் விட்ட வழி’ எனப் பொதுப்படப் பேசுவாரில்லை. வேர் ஒன்று, காலம் ஒன்று, பால் ஈறு மட்டுமே வேறு. எனினும் பொருள் நிலையில் ஒன்று முதல்வனாயிற்று, மற்றொன்று அடியவளாயிற்று. இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள தொலைவே நம் வினாவின் முழு அளவு.

மதுரை இதற்கு விலக்குப்போலத் தோன்றலாம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு முடிசூட்டிச் செங்கோல் வழங்கப்படுகிறது. ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டும் வரை ஆட்சி அவளுடையது என்பது அங்கு வழங்கும் மரபு. உண்மையில் இது நம் கருத்தை வலியுறுத்துகிறது. அரசு பெண்ணுக்கு உரியதாகக் கொள்ளப்பட்ட ஊரில் தெய்வப் பேச்சும் பெண்பாலை முன்வைக்கிறது.

அண்டை வீட்டு மொழிகள்

பால் ஈறு ஆண்பால் வழக்கிற்குக் காரணமன்று என்பதைச் சோதித்தறிய வேறு மொழிகளை நோக்கவேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. முன்பு வினய் நகர் எனப்பட்ட சரோஜினி நகரின் அரசுக் குடியிருப்புகளில், அவை மறுசீரமைப்புக்காக இடிக்கப்படுமுன், ஒரே படிக்கட்டைத் தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் வங்காளியரும் இந்தி பேசுவோரும் பகிர்ந்துகொண்டனர்.

மலையாள வினைமுற்றில் பால் ஈறு இல்லை. ஆயினும் அங்குக் கடவுள் ‘தெய்வம் தம்புரான்’ என வழங்கப்படுகிறார். தம்புரான் என்பது அரசர்க்கும் நிலக்கிழார்க்கும் உரிய ஆண்பாற் பட்டம். வங்காளத்தில் வினையிலும் பால் இல்லை, இடப்பெயரிலும் பால் இல்லை. அங்கும் ‘டாக்குர்’ என்னும் தலைவனைக் குறிக்கும் பட்டமே தெய்வத்திற்குப் பொதுப்பெயர். துர்க்கையின் திருவுருவங்களைக் கண்டுவரச் செல்வதையும் ‘டாக்குர் பார்த்தல்’ என்றே கூறுவர். வினையில் பால் இல்லாத மொழிகளிலும் ஆண்பால் பட்டத்தின் வழியே நுழைகிறது. கடல்கடந்த துருக்கி, பின்லாந்து மொழிகளின் நிலையும் இதுவே. அவற்றின் படர்க்கைப் பெயருக்குப் பால் இல்லை, எனினும் தந்தை, தலைவன் என்னும் உருவகங்கள் அங்கும் வழங்குகின்றன.

தெலுங்கு வேறொரு பாடம் கற்பிக்கிறது. அம்மொழியின் படர்க்கை ஒருமை வினையில் ஆண்பால் ஒரு வகுப்பு. பெண்ணும் அஃறிணையும் சேர்ந்து மற்றொரு வகுப்பு. ஆகவே ‘தேவி வந்தாள்’ என்பதற்கும் ‘வண்டி வந்தது’ என்பதற்கும் வினைமுற்று ஒன்றே. பெண் தெய்வத்துக்கு மதிப்புத் தரவேண்டின் பன்மையை நாடவேண்டும்.

இந்தியில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் வியப்புக்குரியது. வடமொழியில் ‘தேவதா’ என்பது பெண்பாற் சொல். ஆண் தெய்வங்களையும் அது குறிக்கும். அச்சொல் இந்தியில் ஆண்பாலாயிற்று. தமிழுக்கு வந்த ‘தேவதை’ இன்று பெண்ணுருவை மட்டுமே நினைவூட்டுகிறது. முழுமுதற் பொருளை அது குறிப்பதில்லை. ஒரே சொல் ஒரு மொழியில் ஆணாக உயர்ந்தது. மற்றொன்றில் பெண்ணாக நின்று சிறுத்தது. இலக்கணப்பால் மாறக்கூடியது, மாற்றத்தின் திசையை முடிவுசெய்வது சமூகத்தின் எண்ணம் என்பது இதனாற் பெறப்படும்.

மறுப்பினுள் நிற்கும் ஆண்பால்

சமய அறிஞர் இச்சிக்கலை அறியாதவரல்லர். மாணிக்கவாசகர் கடவுளை ஆணும் பெண்ணும் இரண்டுமல்லாப் பாலும் ஆனவராகப் பாடுகிறார். நம்மாழ்வார் திருவாய்மொழியில் இம்மூன்றும் ஆகாதவராகப் பாடுகிறார். மூன்றும் மறுக்கப்படும் அப்பாசுரத்தின் மறுப்பு வினை ‘அல்லன்’ என்பது. ஆண் என்பதை மறுக்கும் சொல்லே ஆண்பால் ஈறு பெற்று நிற்கிறது. இதனை ஆழ்வாரின் குறையாகக் கொள்ளுதல் தகாது. கருத்து வழக்கைக் கடந்துசென்ற பின்னும் ஈறு வழக்கிலேயே தங்கிவிடும் என்பதற்கு இதனினும் நுட்பமான சான்று கிடைத்தல் அரிது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் வேறு வழி கண்டார். சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, ஆண், பெண், அஃறிணை என்னும் மூவகைச் சுட்டையும் உலகத்தின் மேல் ஏற்றி, அவ்வுலகம் தோற்றுவிக்கப்பட்டது என்று காட்டுகிறது. எனவே பாற்பகுப்பு படைக்கப்பட்டதற்கு உரியது. அதன் முதலுக்கு உரியதன்று என்பது தானே போதரும். இரண்டாம் நூற்பாவில் முதற்பொருளைச் சுட்டும் சொல் ‘தான்’ என்பது. வினைமுற்று ‘நிற்கும்’ என்பது. தான் என்னும் பெயருக்குப் பால் இல்லை. செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று ஆண், பெண், ஒன்றன்பால் மூன்றுக்கும் பொது. பால் ஈறு ஒன்றும் இன்றிக் கடவுளைப் பற்றி ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் அமைக்கலாம் என்பதை அந்நூற்பா மெய்ப்பித்துவிட்டது.

எனினும் அந்நூற்பாவிலும் இறைவனின் ஆற்றலைக் குறிக்க வந்த சொல் ‘ஆணை’ என்பது. பால் நீங்கிய பின்னும் அரசவை நீங்கவில்லை. ஆண்பாலைக் காட்டிலும் ஆட்சி உருவகமே ஆழமாக வேரோடியுள்ளது என்னும் கருத்து இதனால் மேலும் உறுதிப்படுகிறது.

மொழிபெயர்ப்பும் ‘ஆர்’ ஈறும்

கிறித்தவ மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதுவே. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலில், தமிழர் முழுமுதற் பொருளைப் ‘பராபரவஸ்து’ என்று வழங்குவதைக் குறித்துள்ளார். அஃது அஃறிணைச் சொல். பின்வந்த பப்ரிசியுசு தம் விவிலிய மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வந்த ஒன்றிப்பு மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘கடவுள்’ என்னும் பால்காட்டாச் சொல்லை ஏற்றது. இடையில் வந்த ஆண்பால் விகுதி இறுதியில் பெயரினின்று நீங்கிற்று.

பெயரில் நீங்கியது வினையில் நிற்கிறதா? ‘கடவுள் படைத்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ பலர்பால் ஈறு. மதிப்புக் கருதி ஒருமைக்கு வந்தது. எழுத்துத் தமிழில் அது இருபாற்கும் பொது என்பர். பேச்சுத் தமிழின் நிலை வேறு. ‘அவர் வந்தாரு’ என்றால் கேட்போர் ஆணையே கருதுவர். மதிப்பிற்குரிய பெண்ணை ‘அவங்க வந்தாங்க’ என்பதே பெருவழக்கு. ஆகவே ‘படைத்தார்’ என்பது தாளில் பொதுப்பாலாக நின்றும் செவியில் ஆண்பாலாகவே விழுகிறது. வகுப்பில் ரகர ஒற்றை எழுதிய பிள்ளைகளின் மனத்தில் இருந்ததும் பெரும்பாலும் ஆணுருவமே ஆகலாம்.

வீட்டு வழக்கு

வழக்கம் அவ்வாறு என்னும் விடைக்கு மீண்டும் வருவோம். தமிழ் இலக்கணத்தில் வழக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தொல்காப்பியமே வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டது. ஆயின் எவருடைய வழக்கு என்னும் வினா எஞ்சுகிறது. அரசவையிலும் மடத்திலும் ஏட்டிலும் வழங்கியது ஒன்று. அடுக்களையிலும் பூசை மாடத்தின் முன்னும் வழங்குவது மற்றொன்று.

வீட்டு வழக்கில் கடவுளுக்கு வழங்கும் சொல் ‘சாமி’. முன்னர்க் கூறியவாறு அதன் மூலம் உடைமையாளனைக் குறிக்கும் ஆண்பாற் சொல். ஆனால் தாய்மார் குழந்தையிடம் ‘சாமி பாத்துக்கிட்டு இருக்கு’ என்பர். ‘சாமி குடுத்தது’ என்பர். ஒருவர்மீது தெய்வம் ஏறினால் ‘சாமி வந்திருச்சு’ என்பர். வந்த தெய்வம் ஐயனாராயினும் மாரியாயினும், ஏறப்பெற்றவர் ஆணாயினும் பெண்ணாயினும் வினை ஒன்றே. அதே சொல் துறவியையோ ஐயப்ப அடியவரையோ குறிக்கும்போது மட்டும் ‘சாமி வந்தாரு’ என ஆண்பால் வினை மீள்கிறது. மனிதனைக் குறித்தால் ஆண். கடவுளைக் குறித்தால் ஆணுமன்று, பெண்ணுமன்று.

சரோஜினி நகர்ப் பிள்ளையார் கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடமும் இதனைக் கேட்கலாம். குழந்தைகளிடம் இந்தியில் பேசும்போது ‘பகவான்’ ஆண்பால் வினை கொள்கிறார். தமிழுக்கு மாறியவுடன் ‘சாமி’ அஃறிணை வினை கொள்கிறது. ஒரே வாய், ஒரே தெய்வம்; மொழி மாறப் பால் மாறுகிறது. அஃறிணை வினை இங்கு இழிவுப் பொருள் தரவில்லை. மக்களைப் பகுக்கும் பகுப்பு எட்டாத இடத்தை அது காட்டுகிறது. அரசவையில் பிறந்த சொல்லொன்று வீட்டிற்குள் வந்து ஆண்மையையும் ஆட்சியையும் உதிர்த்துவிட்டது. மெய்கண்டார் நூற்பாவில் முயன்று அடைந்ததை எழுத்தறியா மூதாட்டி பேச்சில் முயலாமலே அடைந்திருக்கிறாள்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகளாவன: கடவுட் பெயர் ஆண்பாற்பட்டது தமிழ் இலக்கணத்தின் கட்டாயத்தாலன்று. கடவுளைப் பேச அரசனைப் பற்றிய சொற்களை எடுத்துக்கொண்டதன் விளைவு அது. பால் ஈறு இல்லாத மொழிகளிலும் அவ்வழக்கு காணப்படுதல் இதற்குச் சான்று. ஆட்சிச் சூழலினின்று நீங்கிய இடத்தில் ஆண்பால் தானே உதிர்தல் மற்றொரு சான்று.

இதனைச் சரிசெய்வதற்காக ‘ஆண்டவள்’ போன்ற சொற்களைப் புதிதாக ஆக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரையன்று. அது அரியணையில் ஆளை மாற்றுவதாகுமேயன்றி, கடவுளை அரியணையில் வைத்தே பேசும் பழக்கத்தை மாற்றாது. பாடநூல் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் பயிற்றுவோரும் செய்யத்தக்கது எளிய ஒன்று: வழக்கை வழக்கு என்றே கூறி, இலக்கண விதியென்று கூறாதிருத்தல். தமிழ்நாட்டிற்கு வெளியே, வாரத்தில் ஒரு மணி நேரமே தமிழ் கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியரின் சிவப்பு மை மொழியின் தீர்ப்பாகவே தோன்றும். அதனால் இவ்வேறுபாடு அங்கு மிகுந்த இன்றியமையாமை உடையது.

தொல்காப்பியர் விதிப்படி தெய்வத்திற்கு னகர ஈறும் ளகர ஈறும் ரகர ஈறும் ஒருங்கே பொருந்தும். அன்று அடிக்கப்பட்ட விடை சரியான விடை. அச்சிறுமி கேட்ட வினாவிற்கு இக்கட்டுரையாளர் காலந்தாழ்த்துத் தரும் மறுமொழி இதுவே.